‘ஏதோ போகுது’ எந்தப் பெட்டியில்?

மாதத்தின் முதல் கிழமையில் என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால், புத்தூரிலிருந்து கொடிகாமம் வரை சில முதலாளிமார் பின்கதவால் போய்விடுவார்கள். தொடக்கத்தில் காப்புறுதி விற்க வந்தவள் என்று நினைத்து ஒளித்தார்கள். இப்போது நான் யாரென்று நன்றாகத் தெரிந்தே ஒளிக்கிறார்கள். எனக்கு அவர்களில் கோபமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஒளித்திருப்பேன்.

என் வேலை இதுதான். அரைக்கிற மில், பேக்கரி, ஐஸ் தொழிற்சாலை, சீமெந்துக் கல் அரியும் வளவு என்று பட்டியலில் உள்ள இடங்களுக்கெல்லாம் மாதம் ஒருமுறை போய், போன மாதத்தோடு பார்க்க இந்த மாதம் உற்பத்தி எப்படி என்று கேட்க வேண்டும். உற்பத்தி, புதிய கட்டளைகள், வேலையாட்கள், கையிருப்பு, மூலப்பொருள் வந்து சேரும் நேரம் என்று சில கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெட்டி: கூடியது, மாற்றமில்லை, குறைந்தது. கையில் தந்திருக்கும் ‘டப்’ என்கிற கைக்கணினியில் ஒன்றைத் தட்ட வேண்டும். தட்டியது கந்தோருக்குப் போகும். கந்தோரிலிருந்து கொழும்புக்குப் போகும். அங்கே எல்லாவற்றையும் போட்டுக் குழைத்து ஒரு எண்ணாக்குவார்கள். ஐம்பதுக்கு மேலே என்றால் பொருளாதாரம் வளர்கிறது, கீழே என்றால் சுருங்குகிறது, ஐம்பதிலேயே நின்றால் நின்ற இடத்தில் நிற்கிறது. இதைத்தான் போருக்குப் பிந்திய பொருளாதாரத்தின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது என்கிறார்கள். போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் ஓ.எல். பரீட்சையும் எழுதிவிட்டார்கள். நாங்கள் மட்டும் இன்னும் பிந்தியவர்களாகவே இருக்கிறோம்.

அந்த எண்ணில் எனக்கு ஒரு சதத்துக்கும் மரியாதை இல்லை. அது எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

முதலில் அந்தக் கேள்விகளின் தமிழைச் சொல்ல வேண்டும். கொழும்பில் யாரோ ஒருவர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதிய தமிழ். “இம்மாதம் உங்களுக்குக் கிடைத்த புதிய கட்டளைகள் கூடியனவா?” என்று புத்தூர் மில்காரியிடம் கேட்டபோது, அவர் கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கு ஆர் பிள்ளை கட்டளை போடுறது? என்ரை மனுசனே போடுறேல்லை.”

ஓடர் வந்ததா என்று கேட்கிறார்கள் அக்கா என்று விளக்கினேன். அதற்குப் பிறகு நான் அந்தத் தாளை வாசிப்பதையே விட்டுவிட்டேன்.

அதைவிட விசேஷமான கேள்வி ஒன்று உண்டு. மூலப்பொருள் வந்துசேர முன்பைவிட நேரம் எடுக்கிறதா? ஓம் என்று சொன்னால் அது நல்ல சகுனமாம். ஊரெல்லாம் வேலை மும்முரம், வியாபாரிகளால் கொடுத்து முடிக்க இயலவில்லை, அதனால்தான் சாமான் பிந்துகிறது என்று அர்த்தமாம். வெளிநாட்டில் எங்கோ அப்படி இருக்கலாம். பெற்றோலுக்கு நாங்கள் வரிசையில் காய்ந்த மாதங்களில் செத்தல் மிளகாய் லொறி வரவே இல்லை. அந்த மாதங்களில் எங்கள் எண் சற்று உயர்ந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், போரில் பாதை பூட்டிக் கப்பலில் சாமான் வந்த காலத்தில் யாழ்ப்பாணம் உலகத்திலேயே முன்னேறிய ஊராக இருந்திருக்கும். இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னேன். வகுப்பெடுக்க வந்தவர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பிழைகள். பெரிய பிழை எங்கள் சனத்தின் வாயில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது போய்த் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். “ஏதோ போகுது” என்பார். மேல்மாடி எழும்பிக்கொண்டிருக்கும், வாசலில் புது வாகனம் நிற்கும், “ஏதோ போகுது” என்பார். நாளைக்குக் கதவைப் பூட்டப் போகிறவரும் அதே குரலில் அதையேதான் சொல்வார். நல்லாயிருக்கிறது என்றால் நாவூறு பட்டுவிடும். போதாததற்கு வரிக்காரன் வந்துவிடுவான். நட்டம் என்றால் மகளைக் கேட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டார் திரும்பிவிடுவார்கள். ஆக எல்லாருக்கும் பாதுகாப்பான சொல் இது ஒன்றுதான். மூன்று பெட்டியோடு வந்து நிற்கிற என்னிடம் இந்தச் சொல்லைத் தந்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்பார்கள். பேக்கரிக்காரர் வேதக்காரர், அவருக்கு நாவூறில் நம்பிக்கை இல்லை. அவர் “கர்த்தர் நடத்துறார்” என்பார்.

இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது என்று கந்தோரில் எங்கள் மேலதிகாரியிடம் கேட்டேன். சேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து எங்களை ‘வடபகுதி மக்கள்’ என்றே சொல்வார்.

“ஏதோ போகுதெண்டால் மாற்றமில்லை மிஸ். இதிலை என்ன யோசிக்கக் கிடக்கு?”

“கர்த்தர் நடத்துறாரெண்டால்?”

“அதுவும் மாற்றமில்லை.”

கர்த்தரைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொன்ன வேறு ஒருவரை நான் கண்டதில்லை. கதையோடு கதையாக, சேரின் புது வீட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். அப்போது அவர் பளிங்குக்கல் பதித்துக்கொண்டிருந்தார்.

“ஏதோ போகுது,” என்றார்.

இப்படித்தான் மாதாமாதம் குடாநாடு ஐம்பதில் நின்றது. ‘வடக்கின் பொருளாதாரம் உறுதியான நிலையில்’ என்று அறிக்கையில் எழுதினார்கள். உறுதி! வாயைத் திறக்கப் பயந்த சனத்தின் மௌனத்துக்கு இவர்கள் வைத்த பெயர் அது.

புத்தூர் மில்லுக்குப் போவது எனக்குப் பிடிக்கும். வாசலுக்கு வரும்போதே வறுத்த மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் சேர்ந்து மூக்கில் ஏறும். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. புருஷன் மெஷினைக் கழற்றிப் பூட்டுவார், கதைக்க மாட்டார். ஊர்ச்சனம் கொண்டுவரும் மிளகாய் மல்லியை அரைத்துக் கொடுத்துத் தொடங்கியவர்கள், பிறகு தாங்களே வறுத்து அரைத்துப் பைக்கற்றில் அடைக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டுக்குத் தூள் அனுப்பும் வியாபாரி ஒருவர் மாதாமாதம் எடுத்தார். அயலில் உள்ள சில பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். பெரிய அரைக்கிற மெஷின் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள்.

அந்தப் பெரிய மெஷின் ஓடவில்லை. பழுது ஒன்றுமில்லை; கரண்ட் போதாது. அந்த ஒழுங்கையில் இருக்கிற லைனில்தான் தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டர்களும் ஓடுகின்றன. வெங்காயத்துக்கு இறைக்கிற நேரத்தில் சின்ன மெஷினே முக்கும். புது ட்ரான்ஸ்போமர் ஒன்று போட்டு லைனைப் பெருப்பித்தால்தான் வழி. அதற்கு மனு எழுதி எழுதி அக்கா களைத்துப் போயிருந்தார். வியாபாரி வேறு, கேட்கிற அளவு தராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். பெரிய மெஷின் ஓடாவிட்டால் மில் இல்லை. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் ஒரு திட்டம் வந்தது. தொழில் வளரும் பகுதிகளுக்கு முதலில் லைன் பெருப்பித்துக் கொடுப்பார்களாம். எந்தப் பகுதி வளர்கிறது என்று எப்படித் தெரியும்? எங்கள் எண்ணைப் பார்த்துத்தான். கூட்டத்தில் சேர் இதை அறிவித்தபோது எனக்கு முதல்தடவையாக இந்த வேலையில் ஒரு பிரயோசனம் தெரிந்தது. புத்தூரில் எங்கள் பட்டியலில் இருந்ததே மில், பேக்கரி, ஒரு கல் அரியும் வளவு. மில் கூடியது என்று ஏறினால் போதும்.

அடுத்த நாளே போய் அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, இந்தமுறை ஏதோ போகுதெண்டு சொல்லாதேங்கோ. கூடியிருக்கெண்டு சொல்லுங்கோ. உண்மையைத்தானே சொல்லச் சொல்லுறன்.”

அக்கா எழும்பிப் போய்க் கதவடியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வேண்டாம் பிள்ளை. எனக்கு வாய் வராது. முந்தியொருக்கா மச்சாளுக்குச் சொன்னனான், ஓமடி, நல்லாப் போகுதெண்டு. அடுத்த கிழமை பெல்ட் அறுந்து வேலைக்கு வந்த பிள்ளைக்குக் கை வெட்டுப்பட்டது.”

“பெல்ட் பழசாயிருந்திருக்கும்.”

“பழசுதான். ஆனால் நான் சொன்னாப் பிறகுதானே அறுந்தது?”

நான் புள்ளிவிபரவியல் படித்தவள். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் அது இதனால் நடந்தது ஆகாது என்று மூன்று வருஷம் படித்தேன். புத்தூரில் ஒருவருக்கும் அதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. கொழும்பிலும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு மாற்றமில்லை என்றே தட்டிவிட்டு வந்தேன். அக்கா சொல்லாததை நான் எழுத முடியாது. டப் குரலையும் பதிகிறது. அடுத்த மாதம் போனபோது அக்கா என்னை இருக்கச் சொல்லிவிட்டு, கைகால் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். கதிரையில் நேராக இருந்தார். கேள் என்றார். கேட்டேன்.

“கூடியிருக்கு,” என்றார். சொல்லிவிட்டு வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷி உண்மையைச் சொல்ல இவ்வளவு ஆயத்தம் செய்ய வேண்டியிருந்ததை நினைத்தும், அதைக் கேட்கப் போகிறவர்கள் யார் என்பதை நினைத்தும்.

டப்பில் கூடியது என்று தட்டியதும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வழக்கத்துக்கு மாறான விடை. மேலதிகாரி நேரில் சரிபார்க்க வேண்டும். உண்மை முதல்முறையாக வந்தபோதுதான் அந்த இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தது.

சேர் என்னையும் ஏற்றிக்கொண்டு கந்தோர் வாகனத்தில் வந்து இறங்கினார். அன்றைக்கு மில் நிறையச் சனம். திருவிழா நெருங்கியதால் பெண்கள் வாளியும் பையுமாக வரிசையில் நின்றார்கள். மூலையில் ஏற்றுமதிக்கான பைக்கற்றுகள் அடுக்கிக் கிடந்தன. பெரிய மெஷின் துணி போர்த்தியபடி நின்றது. கண் உள்ளவர் எவரும் வாயைத் திறந்து கேட்க வேண்டிய தேவையே இல்லை. சேர் அத்தனை சனத்துக்கும் நடுவில் நின்று உரத்த குரலில் கேட்டார்.

“அம்மா, தொழில் எப்பிடிப் போகுது?”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். தனியாகக் கேளுங்கள் சேர் என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

“நல்லாப் போகுது ஐயா,” என்றார் அக்கா. “போன மாசத்தை விட நல்லாக் கூடியிருக்கு. அந்தப் பெரிய மெஷினும் ஓடினால் இன்னும் கூடும்.”

வரிசையில் ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டதைக் கண்டேன். அக்காவின் புருஷன் மெஷினை நிற்பாட்டினார். சேர் தலையை ஆட்டி, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி, வாகனத்தில் ஏறினார். ஏறியதும் சிரிக்கத் தொடங்கினார்.

“மிஸ், நீங்களும் உதை நம்பினனீங்களோ? எங்கடை சனம் எப்பவாவது நல்லாப் போகுதெண்டு வாயாலை சொல்லுமோ? உது லைன் எடுக்கிறதுக்குச் சொல்லுற கதை. நானும் இஞ்சை பிறந்தவன்தானே.”

“சேர், சனம் நிண்டதைப் பார்த்தீங்கள்தானே?”

“சனம் நிக்குதெண்டால் மெஷின் மெதுவா ஓடுதெண்டு அர்த்தம்.”

என் டப்பை வாங்கித் தன் கையாலேயே மாற்றமில்லை என்று மாற்றினார். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, ‘மேற்பார்வைத் திருத்தம்’ என்று. என் வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்களைச் சந்தித்திருக்கிறேன். உள்ளூர் அறிவை வைத்து முட்டாள் ஆனவரை அன்றைக்குத்தான் கண்டேன். கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தால் அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பார். எங்களில் ஒருவர் வந்ததால்தான் அக்கா பொய்க்காரியானார்.

லைன் வேறு பகுதிக்குப் போனது. அடுத்த இறைப்புக் காலத்தில் கரண்ட் விழுந்து விழுந்து எழும்ப, சின்ன மெஷினின் மோட்டர் எரிந்துபோனது. மோட்டர் ஏன் எரிந்தது என்று ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை சனத்துக்கு முன்னால் நல்லாப் போகுது என்று வாயால் சொன்னால் எரியாமல் என்ன செய்யும்? ஒருத்தி என்னிடமே வந்து சொன்னாள். அவளுடைய வீட்டுத் தண்ணீர் மோட்டரும் அதே லைனில்தான் ஓடுகிறது. அதை நான் சொன்னேன். அவள் அதைக் காதிலும் வாங்கவில்லை.

வியாபாரி வேறு இடம் பார்த்தார். எரிந்த மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றுவித்து ஓட்டிப் பார்த்தும், பெரிய மெஷினுக்கு வழியில்லாமல், சில மாதத்தில் அக்கா மில்லைப் பூட்டினார். நான் போனபோது வாசலில் பூட்டுத் தொங்கியது. வறுத்த மிளகாய் மணம் மட்டும் இன்னும் போகாமல் நின்றது. என் டப்பில் பூட்டிய கதவுக்கு ஒரு பெட்டி இல்லை. கூடியது, மாற்றமில்லை, குறைந்தது. பூட்டியது என்று இல்லை.

“அதுக்குத்தானே மாற்று நிறுவனம் இருக்கு,” என்றார் சேர். “அதே தொழில் செய்யிற வேற இடம் ஒண்டைப் போடுங்கோ மிஸ். தொழில் நடக்கிற இடத்திலை கேட்டால்தானே தொழிலைப் பற்றித் தெரியும்.”

கோப்பாயில் ஒரு மில் கிடைத்தது. இலண்டனில் இருந்து திரும்பி வந்த ஒருவர் தொடங்கியது. குளிரூட்டி போட்ட அறையில் இருத்தி, பிஸ்கட் தந்து, நான் கேட்பதற்கு முன்னே சொன்னார்.

“கூடியிருக்கு, நல்லாக் கூடியிருக்கு. புத்தூர்ப் பக்கம் ஒரு மில் பூட்டினதெல்லே, அந்தச் சனமெல்லாம் இப்ப இஞ்சைதான். அங்கை வேலை செய்த ரெண்டு பிள்ளையளையும் நான்தான் எடுத்தனான்.”

அவருக்கு நாவூறு இல்லை. இருபது வருஷம் குளிரில் இருந்ததில் அது விட்டுப்போயிருக்கும். டப் இந்தமுறையும் சிவப்பானது. சேர் இந்தமுறையும் வந்தார். அந்த ஐயா ஆங்கிலத்தில் விளக்கினார். சேர் ஆங்கிலத்தில் தலையாட்டினார். ‘கூடியது’ அப்படியே நின்றது. நான் வாகனத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன். சொன்னால் அவருக்கு விளங்கியிராது.

அந்த மாதம் எங்கள் பகுதி ஐம்பதைத் தாண்டியது. கொழும்பில் மெச்சினார்களாம். ‘வடக்கில் மீட்சியின் அறிகுறி’ என்று தலைப்பிட்டு, வழுவழுப்பான தாளில் கோட்டுப்படத்தோடு அறிக்கை அச்சடித்து எங்களுக்கும் ஆளுக்கொன்று தந்தார்கள்.

அது என் பையில் இருந்த ஒரு நாள் கொடிகாமம் சந்தையில் அக்காவைக் கண்டேன். மீசாலைப் பக்கத்தால் பஸ்ஸில் வந்து, வளவில் காய்த்த முருங்கைக்காயும் தேங்காயும் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் குந்தினேன். சுகம் விசாரித்தார். கோபம் எதுவும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பையில் எட்டிப் பார்த்த அறிக்கையைக் கண்டு, அது என்ன என்று கேட்டார்.

“நீங்கள் எல்லாரும் சொன்னதை வைச்சுக் கீறினது அக்கா. ஊரிலை தொழில் எப்பிடிப் போகுதெண்டு.”

வாங்கி விரித்து, மடியில் வைத்து நீவிவிட்டார். கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“நான் மில்லைப் பூட்டினது இதிலை எந்த இடம் பிள்ளை?”

நான் அவருடைய விரலைப் பிடித்துக் கொண்டுபோய்க் கோட்டின் கடைசியில் வைத்தேன்.

“இது மேலையெல்லோ போகுது,” என்றார்.

“ஓம் அக்கா. இதுதான் நீங்கள் பூட்டின இடம்.”